பாட்டி ஏன் அடிக்கிறாள்?

வலியைச் சொல்ல முடியாத முதியவர்கள். நார்வே நாட்டில் நடந்த சோதனை

காலை 7 மணி. நர்சு அறைக்குள் வருகிறாள். கட்டிலில் 85 வயதுப் பாட்டி படுத்திருக்கிறாள்.

"பாட்டி, எழுந்திருங்கள். உடை மாற்ற வேண்டும்" என்கிறாள் நர்சு.

பாட்டி பதில் சொல்லவில்லை. நர்சு மெதுவாகக் கையைப் பிடித்துத் தூக்குகிறாள். அவ்வளவுதான்! பாட்டி வீறிட்டு அலறுகிறாள். நர்சின் முகத்தில் ஓங்கி அடிக்கிறாள். நகத்தால் கீறுகிறாள்.

"பொல்லாத கிழவி" என்று பாட்டிக்குப் பெயர் வந்துவிடுகிறது. "புத்தி பேதலித்துவிட்டது" என்று எல்லோரும் முடிவு கட்டிவிடுகிறார்கள். அன்று மாலையே ஒரு மாத்திரை கொடுக்கிறார்கள். பாட்டி அடங்கிவிடுகிறாள். மறுநாள் பகல் முழுவதும் தூங்கி வழிகிறாள்.

ஆனால், பாட்டியின் தோள்பட்டையை யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. அங்கே எலும்பு தேய்ந்து, கையைத் தூக்கினால் உயிர் போகிற வலி!

"வலிக்கிறது" என்று சொல்லப் பாட்டிக்கு வார்த்தை கிடைக்கவில்லை. அதனால்தான் அடித்தாள்.

இது ஏதோ ஒரு பாட்டியின் கதை அல்ல. உலகத்தில் பல நாடுகளில், முதியோர் விடுதிகளில், இப்படி நடந்து வந்திருக்கிறது. "அடிக்கிறவர்களை அடக்குவதற்கு முன்னால், அவர்களுக்கு எங்கே வலிக்கிறது என்று பார்ப்போம்" என்று நார்வே நாட்டு டாக்டர்கள் புறப்பட்டார்கள். அவர்கள் கண்டது என்ன?

கடைசிக் காலத்து வீடு

"நர்சிங் ஹோம்" என்றால் நம் ஊரில் சிறிய தனியார் ஆஸ்பத்திரி. பிரசவத்துக்குப் போவோம், ஆபரேஷனுக்குப் போவோம், பத்து நாளில் வீடு திரும்புவோம்.

ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அந்தச் சொல்லுக்கு வேறு பொருள். தானாகக் குளிக்க, உடுக்க, நடக்க முடியாத முதியவர்கள் தங்கும் இடம் அது. இரவு பகலாக நர்சுகள் இருப்பார்கள். பெரும்பாலோருக்கு அதுதான் கடைசி வீடு.

நார்வே, ஐரோப்பாவின் வட கோடியில் உள்ள நாடு. அங்கே இந்த விடுதிகளில் பெரும்பாலானவற்றை ஊராட்சிகளே நடத்துகின்றன. தங்கியிருப்பவர் தம் ஓய்வூதியத்தில் பெரும் பகுதியைக் கட்டணமாகக் கொடுக்கிறார். பாக்கிச் செலவை ஊராட்சி ஏற்கிறது. நல்ல படுக்கை உண்டு. நல்ல சாப்பாடு உண்டு. குளிருக்கு அடக்கமான அறை உண்டு.

இருந்தும் ஒரு துன்பம் அங்கே கண்ணில் படாமல் ஒளிந்திருந்தது. அதுதான் வலி!

எங்கெங்கே வலி?

முதுமையில் வலிக்குக் குறைவே இல்லை. முழங்கால் மூட்டு தேய்ந்து வலிக்கும். எலும்பு மெலிந்து முதுகெலும்பு நொறுங்கினால் முதுகு வலிக்கும். பக்கவாதம் வந்தவருக்குச் செயலிழந்த பக்கத்துத் தோள் வலிக்கும். சர்க்கரை வியாதிக்காரருக்குப் பாதம் நெருப்பாய் எரியும். அக்கி வந்து ஆறிய பிறகும் அந்த இடத்தில் மாதக் கணக்கில் வலி நிற்கும். படுத்தே கிடப்பவருக்குப் படுக்கைப் புண். இவை போதாதென்று சொத்தைப் பல், மலச்சிக்கல்!

வாய் திறந்து பேசக்கூடியவர் இதையெல்லாம் சொல்லிவிடுவார். "டாக்டர், இங்கே குத்துகிறது" என்பார். டாக்டர் மருந்து கொடுப்பார்.

மறதி நோய் முற்றியவர் என்ன செய்வார்? அவருக்கு "வலி" என்ற சொல்லே மறந்துவிட்டது. "எங்கே வலிக்கிறது?" என்று கேட்டால், கேள்வியே புரிவதில்லை.

நார்வே விடுதிகளில் இருப்பவர்களில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மறதி நோய் இருந்ததாக 2007-ம் ஆண்டு வெளியான ஆய்வு ஒன்று சொல்கிறது. அப்படியானால், வலியைச் சொல்லத் தெரியாதவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள்!

மறதி வந்தால் வலி போய்விடுமா?

"மூளை மங்கியவருக்கு வலி எங்கே தெரியப்போகிறது?" என்று நினைப்பவர்கள் உண்டு.

இதை ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகர விஞ்ஞானிகள் சோதித்துப் பார்த்தார்கள். மறதி நோய் உள்ள 14 பேரையும், நோய் இல்லாத 15 முதியவர்களையும் அழைத்தார்கள். கட்டைவிரல் நகத்தின் மேல் ஒரு கருவியால் அழுத்தினார்கள். அதே நேரத்தில் மூளையைப் படம் பிடித்தார்கள்.

வலி பட்டதும் மூளையில் எந்தெந்தப் பகுதிகள் விழித்துக்கொள்ளுமோ, அவை மறதி நோயாளிகளுக்கும் விழித்துக்கொண்டன. மற்றவர்களைவிட அவர்கள் மூளையில் அந்தக் கிளர்ச்சி கூடுதலாகவே இருந்தது. கூடுதல் நேரம் நீடித்தது! இந்த ஆய்வு 2006-ல் வெளிவந்தது.

மறந்தது பெயர். மறந்தது ஊர். மறந்தது பெற்ற பிள்ளையின் முகம். வலி மட்டும் மறக்கவில்லை!

மூன்றில் ஒரு பங்கு மருந்து

நியூயார்க் டாக்டர்கள் 2000-ம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு நெஞ்சை உலுக்குவது.

இடுப்பு எலும்பு முறிந்து ஆஸ்பத்திரிக்கு வந்த முதியவர்களை அவர்கள் கவனித்தார்கள். சிலர் நல்ல நினைவோடு இருந்தவர்கள். சிலர் மறதி நோய் முற்றியவர்கள். எல்லோருக்கும் ஒரே மாதிரி எலும்பு முறிவுதான். ஆனால் மறதி நோயாளிகளுக்குக் கிடைத்த வலி மருந்து எவ்வளவு தெரியுமா? மற்றவர்களுக்குக் கிடைத்ததில் மூன்றில் ஒரு பங்கு!

யாரும் வேண்டுமென்று குறைத்துக் கொடுக்கவில்லை. கேட்டவருக்கு மருந்து கிடைத்தது. கேட்கத் தெரியாதவருக்குக் கிடைக்கவில்லை.

அடக்கும் மாத்திரையின் ஆபத்து

வலி மருந்து கிடைக்காதவருக்கு வேறு மருந்து கிடைத்தது. அதுதான் மனநோய்க்கான மாத்திரை. அலறினால் அந்த மாத்திரை. அடித்தால் அந்த மாத்திரை.

மறதி நோய் உள்ள முதியவர்களுக்கு இந்த மாத்திரைகளைக் கொடுத்தால் சாவு கூடுகிறது என்று 2005-ல் அமெரிக்க அரசின் மருந்துத் துறை எச்சரித்தது.

2009-ல் பிரிட்டனில் பேராசிரியர் சூபே பானர்ஜி அந்நாட்டு அரசுக்கு ஓர் அறிக்கை கொடுத்தார். மறதி நோய் உள்ளவர்களில் 1 லட்சத்து 80 ஆயிரம் பேருக்கு இந்த மாத்திரைகள் கொடுக்கப்படுகின்றன என்று அவர் கணக்கிட்டார். அதனால் ஓரளவு நன்மை அடைபவர்கள் அதிகம் போனால் 36 ஆயிரம் பேர். கூடுதலாக இறப்பவர்களோ ஆண்டுக்கு 1,800 பேர்!

முழங்கால் வலிக்காக அலறியவருக்கு, உயிருக்கு ஆபத்தான மாத்திரை! இதைவிடக் கொடுமை உண்டா?

நார்வேயில் சோதனை

நார்வேயின் மேற்குக் கரையில் பெர்கன் என்ற துறைமுக நகரம் இருக்கிறது. ஏழு மலைகள் சூழ்ந்த ஊர். மழைக்குப் பெயர் போன ஊர். அந்த ஊர்ப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டாக்டர் பெட்டினா ஹூசெபோ என்ற பெண்மணிக்கு ஒரு சந்தேகம் எழுந்தது.

"இவர்கள் அலறுவது நோயினாலா? அல்லது வலியினாலா?"

லண்டன் டாக்டர்களும் அவரோடு சேர்ந்துகொண்டார்கள். மேற்கு நார்வேயில் 18 முதியோர் விடுதிகளைத் தேர்ந்தெடுத்தார்கள். அவற்றில் 60 பிரிவுகள். அங்கே இருந்த 352 முதியவர்கள் சோதனைக்கு வந்தார்கள். எல்லோருக்கும் மறதி நோய் நடுத்தர நிலையிலோ முற்றிய நிலையிலோ இருந்தது. எல்லோரும் அடிப்பது, அலறுவது, அலைவது என்று தொல்லைப்பட்டவர்கள்.

சீட்டுக் குலுக்கிப் போடுவதுபோல, 60 பிரிவுகளை இரண்டு கூட்டமாகப் பிரித்தார்கள். ஒரு கூட்டத்தில் 177 பேர். அவர்களுக்கு வழக்கமான கவனிப்பு. மற்றொரு கூட்டத்தில் 175 பேர். அவர்களுக்கு ஒழுங்கான வலி வைத்தியம்.

படிப்படியாக மருந்து

அப்படி என்ன அபூர்வ மருந்து கொடுத்தார்கள்?

முதல் படி, பாரசிட்டமால்! காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் நாம் போட்டுக்கொள்கிறோமே, அதே மாத்திரைதான். ஒரு நாளைக்கு 3 கிராமுக்கு மேல் போகக் கூடாது என்று வரம்பு கட்டினார்கள்.

முக்கியமானது கொடுத்த முறை. "வலித்தால் கேள், தருகிறேன்" என்று சொல்லவில்லை. கேட்கத் தெரியாதவரிடம் அப்படிச் சொல்லிப் பயன் என்ன? சாப்பாட்டு வேளைபோல, நேரம் தவறாமல் கொடுத்தார்கள். ஒரு வேளை மருந்தின் வேகம் குறைவதற்குள் அடுத்த வேளை மருந்து வந்துவிடும். வலி தலை தூக்க இடமே இல்லை.

அதற்கும் அடங்காத வலி என்றால் அடுத்த படி. மாத்திரை விழுங்க முடியாதவருக்குத் தோலில் ஒட்டும் பட்டை. அதிலிருந்து மருந்து சிறிது சிறிதாக உடம்பில் இறங்கும். நரம்பு எரிச்சல் உள்ளவருக்கு அதற்கென்று தனி மருந்து. மிகச் சிலருக்கு மார்பின்.

175 பேரில் 120 பேருக்குப் பாரசிட்டமாலே போதுமானதாக இருந்தது. மார்பின் தேவைப்பட்டவர்கள் நான்கே பேர்!

எட்டு வாரத்துக்குப் பிறகு

இந்த வைத்தியம் 8 வாரம் நடந்தது.

அடித்தல், உதைத்தல், கூச்சலிடுதல், துணியைக் கிழித்தல், ஓயாமல் நடந்துகொண்டிருத்தல் என்று 29 வகைத் தொல்லைகளுக்கு ஒரு பட்டியல் உண்டு. ஒவ்வொன்றும் எத்தனை முறை நடக்கிறது என்று பார்த்து மதிப்பெண் போடுவார்கள். தொல்லை குறைந்தால் மதிப்பெண்ணும் குறையும்.

வலி வைத்தியம் பெற்ற கூட்டத்தில், மற்றக் கூட்டத்தைவிட 17 சதவீதம் தொல்லை குறைந்தது. வலியும் குறைந்தது.

பிறகு 4 வாரம் அந்த மருந்துகளை நிறுத்திப் பார்த்தார்கள். என்ன ஆயிற்று? அடங்கியிருந்த தொல்லை மறுபடியும் தலைகாட்டியது!

சந்தேகம் தீர்ந்தது. அவர்களில் பலர் பொல்லாதவர்கள் அல்ல. வலி பொறுக்க முடியாதவர்கள்.

இந்த முடிவு 2011-ம் ஆண்டு "பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்" என்ற புகழ்பெற்ற மருத்துவ இதழில் வெளியாயிற்று.

முகத்தைப் படிக்கும் கலை

எல்லாம் சரி. பேசாதவரின் வலியை எப்படிக் கண்டுபிடிப்பது?

பேச்சு வராத குழந்தைக்கு வயிற்று வலி என்று தாய் எப்படிக் கண்டுபிடிக்கிறாள்? முகத்தைப் பார்க்கிறாள். அழுகையைக் கேட்கிறாள். காலை மடக்குவதைக் கவனிக்கிறாள். அதே கலைதான் இதுவும்!

அமெரிக்காவில் பெட்போர்டு என்ற ஊரில் முன்னாள் படைவீரர்களுக்கான ஆஸ்பத்திரி இருக்கிறது. அங்கே உருவான ஓர் அளவுகோல் 2003-ல் வெளிவந்தது. அதற்கு "பெய்னாட்" என்று பெயர். அதில் ஐந்து விஷயங்களைப் பார்க்க வேண்டும்.

ஒன்று, மூச்சு. சீராக இருக்கிறதா, இரைக்கிறதா?

இரண்டு, குரல். முனகுகிறாரா, அழுகிறாரா, கூச்சலிடுகிறாரா?

மூன்று, முகம். நெற்றி சுருங்குகிறதா? முகம் கோணுகிறதா?

நான்கு, உடம்பு. விறைத்திருக்கிறதா? கையை இறுக மூடியிருக்கிறாரா? தொட வந்தால் தள்ளுகிறாரா?

ஐந்து, தேற்றினால் தேறுகிறாரா? ஆறுதலாகப் பேசித் தடவிக் கொடுத்த பிறகும் அமைதி வரவில்லையா?

ஒவ்வொன்றுக்கும் 0, 1, 2 என்று மதிப்பெண். மொத்தம் 10. நர்சு சில நிமிடங்கள் கூர்ந்து கவனித்தால் போதும்.

டாக்டர் ஹூசெபோ குழுவினர் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். "சும்மா படுத்திருக்கும்போது தெரியாத வலி, அசையும்போது தெரியும்" என்பது அவர்கள் கண்ட உண்மை. அதனால் காலையில் உடை மாற்றும் நேரத்தில், ஐந்து அசைவுகளை மெதுவாகச் செய்து பார்க்கச் சொன்னார்கள்.

இரண்டு கைகளின் விரல்களையும் விரிப்பது. இரண்டு கைகளையும் தலைப் பக்கம் உயர்த்துவது. முழங்காலையும் இடுப்பையும் மடக்குவது. படுக்கையில் இரு பக்கமும் புரட்டுவது. கட்டில் ஓரத்தில் உட்கார வைப்பது. எந்த அசைவில் முகம் சுளிக்கிறது, எந்த அசைவில் கை தடுக்கிறது என்று குறித்துக்கொள்வார்கள். வலி தெரிந்ததும் அந்த அசைவை நிறுத்திவிடுவார்கள்.

நாம் முதலில் பார்த்த பாட்டிக்கு இந்தச் சோதனையைச் செய்திருந்தால்? கையை உயர்த்திய உடனே தோள்பட்டையின் ரகசியம் வெளிப்பட்டிருக்கும்!

மருந்து மட்டும் போதுமா?

போதாது. நாட்பட்ட வலிக்கு மாத்திரை பாதி, கைப்பக்குவம் பாதி.

படுத்திருப்பவரை அடிக்கடி புரட்டிவிட வேண்டும். மடங்கிய முழங்காலுக்கு அடியில் தலையணை வைத்தால் இழுப்பு குறையும். விறைத்த மூட்டுக்கு இளஞ்சூட்டு ஒத்தடம் இதம் தரும். சூடு அதிகமானால் "சுடுகிறது" என்று அவர் சொல்ல மாட்டார். அதனால் நம் கையில் சூடு பார்த்துவிட்டுத்தான் வைக்க வேண்டும். முடிந்தவரை நடக்கவைக்க வேண்டும். நடக்காத மூட்டு பூட்டிக்கொள்ளும். பூட்டிய மூட்டு இன்னும் வலிக்கும்.

உடை மாற்றும்போது அவசரம் கூடாது. "இப்போது வலது கை, பாட்டி" என்று சொல்லிவிட்டுத் தொட வேண்டும். சொல் புரியாவிட்டாலும் குரலின் கனிவு புரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லா அலறலும் வலியால் வருவதல்ல. பசி இருக்கலாம். பயம் இருக்கலாம். தனிமை இருக்கலாம். மனச்சோர்வு உள்ள மறதி நோயாளிகளுக்கு வலி மருந்து கொடுத்து நார்வேயிலேயே பின்னால் ஒரு சோதனை நடந்தது. சோர்வு அதனால் தீரவில்லை. தோலில் ஒட்டும் பட்டை பலருக்கு ஒத்துக்கொள்ளவும் இல்லை. ஆகவே கண்ணை மூடிக்கொண்டு மருந்து கொடுப்பது வைத்தியம் ஆகாது. பார்ப்பது, கொடுப்பது, மறுபடியும் பார்ப்பது. பலன் இல்லை என்றால் நிறுத்துவது. இதுதான் முறை.

நம் வீட்டுத் திண்ணையில்

நம் நாட்டில் பெரும்பாலான தாத்தாக்களும் பாட்டிகளும் விடுதியில் இல்லை. வீட்டில்தான் இருக்கிறார்கள். கூடத்து மூலையில், திண்ணையில், கயிற்றுக் கட்டிலில் இருக்கிறார்கள். நார்வே நர்சு கற்ற பாடம் நம் வீட்டு மருமகளுக்கும் பேரனுக்கும் பொருந்தும்.

"எப்போது பார்த்தாலும் சிடுசிடுப்பு" என்று தாத்தாவைக் கடிந்துகொள்கிறோம். "குளிக்கக் கூப்பிட்டால் சண்டைக்கு வருகிறாள்" என்று பாட்டியைக் குறை சொல்கிறோம். ஒரு நாள் நின்று கவனியுங்கள். உட்காரும்போதா முகம் சுளிக்கிறது? மெல்லும்போதா சாப்பாட்டைத் தள்ளுகிறார்? ஒரு பக்கமாகவே படுக்கிறாரா? கண்டதை ஒரு தாளில் எழுதுங்கள். எந்த நேரம், எந்த அசைவு என்று குறியுங்கள். அந்தத் தாளை டாக்டரிடம் காட்டுங்கள். அது பாட்டியின் வாய்மொழிக்குச் சமம்!

கடையில் நீங்களாக மாத்திரை வாங்கிக் கொடுக்காதீர்கள். பாரசிட்டமால் அளவு மீறினால் ஈரல் கெடும். சளி மாத்திரைகள் பலவற்றிலும் அது கலந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் தெரியாமலே அளவு கூடிவிடும். வேறு வலி மாத்திரைகள் முதியவர்களுக்கு வயிற்றில் புண் உண்டாக்கும், ரத்தம் கசிய வைக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும். எது, எவ்வளவு, எத்தனை வேளை என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும்.

அமைதியாக இருந்தவர் திடீரென்று ஒரே நாளில் மாறினால் காத்திருக்க வேண்டாம். உடனே டாக்டரிடம் காட்டுங்கள். விழுந்து எலும்பு முறிந்திருக்கலாம். சிறுநீர் அடைத்திருக்கலாம். உள்ளே சீழ் பிடித்திருக்கலாம்.

நம்மைப் பேச வைத்தவர்கள்

நமக்குப் பேச்சு வராத காலம் ஒன்று இருந்தது. அப்போது நாம் அலறினோம். கையைக் காலை உதைத்தோம். தூக்க வந்தவர் முகத்தில் அடித்தோம். யாரும் நம்மைப் பொல்லாதவர் என்று சொல்லவில்லை. "பிள்ளைக்கு என்னவோ செய்கிறது" என்று மடியில் போட்டுப் பார்த்தார்கள்.

அன்று பார்த்தவர்களுக்கு இன்று பேச்சு போய்விட்டது.

நாளைக் காலை, பாட்டி உங்கள் கையைத் தட்டிவிட்டால் கோபப்படாதீர்கள். "பாட்டிக்கு என்னவோ செய்கிறது" என்று அருகில் உட்காருங்கள். எங்கே வலிக்கிறது என்று பாருங்கள்!